பட்டிக்காட்டு டைரி: பட்டிக்குள்ள வந்த புரட்டாசி



"கிராமத்துல இருக்கீங்க... தினமும் பிக்னிக் மாதிரி இருக்குமே, உங்களுக்கென்னப்பா!"ன்னு மதுரையிலிருந்து ஒரு தோழி எழுதியிருக்காங்க. ஆமாங்க தோழி, பிக்னிக்தான். ஒரே ஒரு வித்தியாசம்... பிக்னிக் போனவங்க சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பிடலாம். எங்களுக்கு வீடே பிக்னிக் ஸ்பாட்லதான் இருக்கு!

இந்தப் பக்கத்தைப் புதுசா புரட்டறவங்களுக்கு ஒரு முன்கதைச் சுருக்கம். காங்கயத்துல இருந்து தாராபுரம் போற ரோட்டுல ஊதியூர் மலையைப் பார்த்திருப்பீங்க. அங்கிருந்து உள்ளே வளைஞ்சு வளைஞ்சு போனா, டவுன் பஸ் மூச்சு வாங்கி நிக்கிற இடம்தான் எங்க ஊர். அதுக்கும் மேல ஒரு கிலோமீட்டர் மண் ரோட்டுல நடந்தா எங்க தோட்டத்துச் சாளை. சாளைன்னா காட்டுக்குள்ள இருக்கிற வீடு. காடுன்னா சிங்கம், புலி இருக்கிற காடு இல்லீங்க, விவசாய நிலத்தைத்தான் கொங்குப் பக்கம் காடுன்னு சொல்வோம்.

அப்பா திருப்பூர்ல பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டரா இருந்தவர். 2020 லாக்டவுன்ல கம்பெனியை மூடினப்போ, "ரெண்டு மாசம் ஊர்ல இருந்துட்டு வரலாம்"னு மூட்டை கட்டினோம். அந்த ரெண்டு மாசம் இன்னும் முடியலை! அப்பா, அம்மா, பி.எஸ்ஸி. ரெண்டாம் வருஷம் படிக்கிற நான், பிளஸ் டூ காமர்ஸ் படிக்கிற தம்பி, ஆத்தா (அப்பாவோட அம்மா), மணிங்கிற நாய், ஒரு காங்கயம் பசு, அதோட கன்னுக்குட்டி... இவ்வளவுதான் குடும்ப கார்டு. அப்புறம் ஆடுங்க. இந்த வாரம் ஆடுங்க மேட்டர்தான். கொஞ்சம் கனமான மேட்டர். அதுக்கு முன்னாடி மதுரைத் தோழிக்காக எங்க வீட்டு ஒருநாள் சாம்பிள்.

எங்க வீட்ல அலாரம் கிடையாது. மயில்தான். "மயில் அகவும்"னு பாட்டும் கவிதையும் எழுதினவங்க யாரும் காலையில நாலரை மணிக்கு ஓட்டு மேல அது அகவிக் கேட்டதில்லைன்னு நினைக்கிறேன். யாரோ பூனை வாலை மிதிச்ச மாதிரி இருக்கும். அம்மா தக்காளி நட்டா பிஞ்சைக் கொத்தும். நிலக்கடலை போட்டா விதையையே தோண்டித் தின்னும். 1963-ல தேசியப் பறவைன்னு பட்டம் கொடுத்தாச்சு, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையிலயும் சேர்த்தாச்சு. அது மேல கல்லு விடக்கூட யோசிக்கணும். அதனால அம்மா பழைய புடவைகளை எல்லாம் தோட்டத்தைச் சுத்திக் கட்டி வெச்சாங்க. அதுல ஒரு பச்சைப் புடவையோட கலர் மயிலுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு போல. அது பக்கத்துலயே நின்னு தோகை விரிக்குது!

ஏழு மணி பஸ்ஸை விட்டா அடுத்தது பதினொண்ணுக்குத்தான். 2021 மே மாசத்துல இருந்து டவுன் பஸ்ல எங்களுக்கு டிக்கெட் ஃப்ரீ. தம்பி அவன் காசுக்குத் தொங்கிக்கிட்டு வருவான், நான் ஓசியில ஜன்னல் சீட்ல உக்காந்துக்கிட்டு வருவேன். இந்த விஷயத்துல அவனுக்கு அரசாங்கத்து மேல இருக்கிற கோபம் கொஞ்ச நஞ்சமில்ல.

அப்புறம் கன்னுக்குட்டி. காங்கயம் மாடு வெளிர் சாம்பல் நிறத்துல இருக்கும்னு, 2017 மெரினா போராட்டத்தப்போ காளை படத்தை டி.பி.யா வெச்ச எல்லாருக்கும் தெரியும். ஆனா கன்னு பிறக்கும்போது செங்கல் கலர்ல இருக்கும். ஆறு மாசம் ஆனாத்தான் அந்தச் செவப்பு உதிர்ந்து சாம்பல் ஏறும். எங்க பசு கன்னு போட்ட அன்னிக்கு காலேஜ் குரூப்ல போட்டோ போட்டேன். "அம்மா கலர்ல இல்லையே, குழந்தை மாறிப்போச்சா?"ன்னு ஒருத்தி சீரியஸா கேட்டா. அவ படிக்கிறது விலங்கியல்!

சரி, மேட்டருக்கு வர்றேன்.

எங்க மண்ணுக்கு மழை கம்மி. மலை மறைவுப் பிரதேசம். பாலக்காட்டுக் கணவாய் வழியா காத்து மட்டும் ஆடி மாசம் ஆளைத் தூக்கிட்டுப் போற மாதிரி வரும். தாராபுரம் பக்கம் அத்தனை காத்தாடி மில்லு நிக்கறது அதனாலதான். பி.ஏ.பி. வாய்க்கால் தண்ணியையும் நாலு மண்டலமாப் பிரிச்சு மாத்தி மாத்தித்தான் விடுவாங்க. அதனால எங்க முன்னோர் ஒரு வழி கண்டுபிடிச்சு வெச்சிருக்காங்க. அதுக்குப் பேரு கொறங்காடு. நிலத்தை உழாம, கொழுக்கட்டைப் புல்லை வளர விட்டு, நடுநடுவுல வெள்வேல மரத்தை நிறுத்தி, சுத்தியும் கிளுவை முள்ளை உயிர்வேலியா நட்டு, ஆடு மாட்டை உள்ளே விட்டுடுவாங்க. ஒரு காட்டுல புல்லு தீர்ந்தா அடுத்த காடு. மேய்க்க ஆள் வேண்டாம். படலைச் சாத்திட்டு வந்துட்டா போதும். ஆடுங்க அதுபாட்டுக்கு மேயும், வெயிலுக்கு மரத்தடியில நிக்கும், பொழுதோட தானாவே பட்டிக்குத் திரும்பும். அங்கயே ராத்திரி படுக்கும்.

இந்த "ஆள் வேண்டாம்"கிற ஒரு விஷயத்தை நம்பித்தான் எங்க பக்கத்துல பாதிக் குடும்பம் ஓடுது. வீட்ல இருக்கிற இளவட்டம் எல்லாம் கம்பெனி வேன் ஏறி திருப்பூர் போயிடும். வயசானவங்க ரெண்டு பேர் இருந்தாப் போதும், இருபது ஆட்டைப் பார்த்துக்கலாம். எங்ககிட்ட இருந்தது இருபத்து மூணு. எல்லாம் மேச்சேரிச் செம்மறி. கம்பளி ரோமம் கிடையாது, வழுவழுன்னு வெளிர் பழுப்பு நிறம். ஆத்தாவுக்கு ஒவ்வொண்ணையும் முகம் பார்த்துத் தெரியும். எனக்கு இருபத்து மூணும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அப்பா ஆடுகளை "ஏ.டி.எம்."னுதான் சொல்வார். எனக்கு அட்மிஷன் கிடைச்சப்போ நாலு ஆடு சந்தைக்குப் போச்சு. தம்பிக்கு டியூஷன், ஒரு கெடா. அம்மாவுக்கு ஆபரேஷன், மூணு. எங்க வீட்டு கணக்கு நோட்டுல ரூபாய் எழுதறதே கம்மி, ஆட்டுக் கணக்குதான். வர்ற ஜனவரி என் செமஸ்டர் ஃபீஸுக்கு ரெண்டு பெட்டை ஆடும் ஒரு கெடாவும் ஒதுக்கி வெச்சிருந்தது. அந்தக் கெடாவுக்கு தம்பி வெச்ச பேரே "செமஸ்டர்".

2025 புரட்டாசி மாசம், ஒரு சனிக்கிழமை ராத்திரி. பெருமாளுக்கு விரதம் இருந்து, வடை பாயசத்தோட சாப்பிட்டு எல்லாரும் தூங்கிட்டோம். நடுராத்திரியில மணி குரைச்சான். மணி மயிலுக்கும் குரைப்பான், மழைக்கும் குரைப்பான், லைன்மேன் போன வாரம் வந்ததை நினைச்சு இந்த வாரமும் குரைப்பான். ரெண்டு மணி வாக்குல சங்கிலியே அறுந்துபோற மாதிரி இழுத்து ஊளையிட ஆரம்பிச்சப்போதான் அப்பா டார்ச்சை எடுத்தார். பின்னாலயே தம்பி, அவன் பின்னால நான்.

பட்டி எங்க வீட்ல இருந்து நூறடிக்கு அந்தப் பக்கம். அப்பா டார்ச்சை அடிச்சதும் முதல்ல தெரிஞ்சது கண்ணுங்கதான். பச்சையா, ஜோடி ஜோடியா. ஆறு நாய்னு தம்பி சொல்றான், எட்டுன்னு அப்பா சொல்றார். நான் எண்ணலை. ஆடுங்க எல்லாம் ஒரு மூலையில ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நின்னுச்சு. ஒரு சத்தம் இல்லை. அதுதான் இப்பவும் எனக்குத் தூக்கத்துல வருது. "வெள்ளாடா இருந்தா ஊரையே கூட்டும் அம்மிணி. செம்மறி வாயத் தொறக்காது. கழுத்தைக் கவ்வுனாலும் அப்படியே நிக்கும்"னு ஆத்தா மறுநாள் சொன்னாங்க.

அப்பா கத்திக்கிட்டே தடியை வீச, நாய்ங்க கிளுவை வேலியில ஒரு சந்து வழியா வெளியே போச்சு. ஒண்ணு மட்டும் போகலை. ஒரு குட்டியோட காலைக் கவ்விக்கிட்டு இழுத்துச்சு. தம்பி அந்தக் குட்டியோட இன்னொரு காலைப் பிடிச்சு இழுத்தான். குட்டி இவன் கைக்கு வந்தப்போ, நாயோட பல்லு இவன் முழங்கையில பட்டிருந்துச்சு.

விடியறதுக்குள்ள எண்ணி முடிச்சோம். பதினொண்ணு செத்துப்போச்சு. மூணுக்குக் காயம். ஒரு ஆட்டைக்கூட முழுசாத் தின்னலை, எல்லாத்தையும் கடிச்சுக் கடிச்சுப் போட்டிருந்துச்சு. "செமஸ்டர்" வேலியோரம் கிடந்தான்.

அம்மாவுக்கு ஆட்டை விடத் தம்பி கைதான் கண்ணுல பட்டது. குழாயடிக்கு இழுத்துட்டுப் போய் சோப்பு போட்டு, ஓடற தண்ணியில கால் மணி நேரம் கழுவ வெச்சாங்க. மஞ்சத்தூள், சுண்ணாம்பு, காபித்தூள்னு பக்கத்துச் சாளையில இருந்து வந்த எந்த அட்வைஸையும் உள்ளே விடலை. காலையில அரசு ஆஸ்பத்திரியில ஊசி. அன்னிக்கு ஒண்ணு, அப்புறம் மூணாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். ஃப்ரெண்ட்ஸ், இதை மட்டும் சீரியஸா படிச்சுக்குங்க. வெறிநோய் அறிகுறி வந்துட்டா கிட்டத்தட்ட யாரும் பிழைக்கறதில்லை. வர்றதுக்கு முன்னாடி இந்த ஊசியைப் போட்டுக்கிட்டா தடுத்துடலாம். மூணு ஊசி போட்டதும் "கை சரியாயிடுச்சு, நாலாவது வேண்டாம்"னு தம்பி மெதுவா நழுவப் பார்த்தான். இருபத்தெட்டாம் நாள் அவனுக்கு முன்னாடியே பஸ் ஸ்டாப்புல ஆத்தா போய் நின்னாங்க.

கால்நடை டாக்டர் வந்து காயம்பட்ட மூணு ஆட்டுக்கும் தையல் போட்டு, ஊசி போட ஆரம்பிச்சார். செத்த ஆட்டைக் கறிக்கு வாங்கிக்கறோம்னு ஒருத்தர் வண்டியோட வந்து நின்னார். நாய் கடிச்சதுன்னு அவருக்கே தெரியும். அப்பா ஒண்ணும் பேசாம கடப்பாரையை எடுத்தார். பதினோரு ஆட்டுக்குக் குழி தோண்ட எங்களுக்கு ஒரு பகல் முழுக்க ஆச்சு. கிட்டத்தட்ட ஒரு லட்ச ரூபாயை மண்ணுக்குள்ள போட்டு மூடினோம்னு தம்பி கணக்குச் சொன்னான். காமர்ஸ் ஸ்டூடன்ட்!

எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை இது. 2024-லயும் 2025-லயும் காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் சுத்துவட்டாரத்துல இதே கதைதான். விவசாயிங்க செத்த ஆடுகளை ரோட்டுல போட்டே போராட்டம் பண்ணினாங்க. அவங்க கேட்டது சிம்பிளான கேள்வி. 2023-ல ஊதியூர் மலைப்பக்கம் சிறுத்தை நடமாட்டம்னு வனத்துறை வந்துச்சு, கேமரா வெச்சாங்க, கூண்டு வெச்சாங்க. காட்டு மிருகம் அடிச்ச ஆட்டுக்கு இழப்பீடு கேக்க ஒரு துறை இருக்கு. நாய் அடிச்சா எந்தத் துறை? இத்தனை போராட்டத்துக்கு அப்புறம் 2025-ல நாய் கடிச்சுச் செத்த ஆடு, மாடு, கோழிக்கும் நிவாரணம்னு அறிவிப்பு வந்துச்சு. அப்பாவும் டாக்டர் சர்டிபிகேட், போட்டோ எல்லாம் வெச்சு மனு கொடுத்திருக்கார். (போட்டோ எடுத்தது நான். என் போன்ல செல்ஃபிக்கு நடுவுல அதெல்லாம் இருக்கு. அழிக்க மனசு வரலை, பார்க்கவும் மனசு வரலை.)

அன்னிக்குச் சாயங்காலமே பக்கத்துக் காட்டு மாமா வந்தார். அவருக்கு அதுக்கு முந்தின மாசம் நாலு ஆடு போயிருந்துச்சு.

"மச்சான், பேசிப் பிரயோசனம் இல்ல. மருந்து வெச்சரலாம்."

அப்பா ரொம்ப நேரம் பதில் சொல்லலை. அவருக்கு ஆசை இல்லாம இல்லை, முகத்துலயே தெரிஞ்சுது. அப்புறம் சொன்னார். "வெச்சா அதுக மட்டுமா திங்கும்? மயிலு திங்கும், காக்கா திங்கும். மணி சங்கிலி அவுந்து போனா அவனும் திம்பான். கேஸும் நம்ம மேலதான் வரும். வேண்டாம் மச்சான்."

மாமா எழுந்து போயிட்டார். காப்பி குடிக்காம அவர் எங்க வீட்ல இருந்து போனது அன்னிக்குத்தான்.

இப்ப காலேஜ் கதை. 2025 ஆகஸ்ட்ல டெல்லி தெருநாய்களை எல்லாம் காப்பகத்துல அடைக்கணும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லி, ரெண்டே வாரத்துல அதை மாத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடிச்ச இடத்துலயே விடுங்கன்னு சொன்னது ஞாபகம் இருக்கா? அப்ப எங்க கேன்டீன் ரெண்டாப் பிரிஞ்சு கிடந்துச்சு. "நாய்களும் உயிர்தான்" கோஷ்டி ஒரு டேபிள், "குழந்தைகளைக் கடிக்குதே" கோஷ்டி இன்னொரு டேபிள். நான் ரெண்டு டேபிள்லயும் உக்காந்து பஜ்ஜி சாப்பிட்டேன். ரெண்டுலயும் ஆடுங்கிற வார்த்தை ஒரு தடவைகூட வரலை.

முதல் டேபிளோட தலைவி என் ஹாஸ்டல் தோழி. லீவுல தெருநாய் காப்பகத்துக்குப் போய் குளிப்பாட்டி விடற டைப். எங்க வீட்ல நடந்ததைக் கேட்டு, "நான் வர்றேன்"னா. எனக்கு உள்ளுக்குள்ள கடுப்புதான். வந்து நாய் மேல பரிதாபப்படுவாளோன்னு பயம். ஞாயித்துக்கிழமை பதினோரு மணி பஸ்ல வந்து இறங்கினா. மணியைக் கொஞ்சினா. பட்டியைப் போய்ப் பார்த்தா. குழி மேட்டுக்கிட்ட நின்னப்போ ஒண்ணும் பேசலை.

அப்பா அவகிட்ட நேராவே கேட்டார். "ஏம்மிணி, ஆபரேசன் பண்ணி விட்டா அதுக ஆட்டைக் கடிக்காதா?"

"கடிக்கும் அங்கிள். குட்டி போடாது, அவ்வளவுதான். நாலஞ்சு வருஷத்துல எண்ணிக்கை குறையும்."

"நாலஞ்சு வருஷத்துக்கு என்ற கிட்ட ஆடு இருக்கோணுமே."

அவகிட்ட அதுக்குப் பதில் இல்லை. அப்பாகிட்டயும் மாத்து யோசனை இல்லை. ரெண்டு பேரும் அதை ஒத்துக்கிட்ட மாதிரி பேசாம காப்பி குடிச்சாங்க. எனக்கு அவளை ரொம்பப் பிடிச்சது அந்த நிமிஷத்துலதான்.

ஆனா அவ ஒரு கேள்வி கேட்டா. "இந்த நாய்ங்க ஊருக்குள்ள சோறு வாங்கித் திங்கறதில்லைன்னு சொல்றீங்க. அப்ப இத்தனை நாளா எதைத் தின்னு வளர்ந்துச்சு?"

தம்பியும் அவளும் நானும் வேலிச் சந்துல இருந்து வாய்க்கால் பக்கமா நடந்தோம். முக்கால் கிலோமீட்டர்ல வாசனை வந்து மூக்கைப் பொத்த வெச்சுது. வாய்க்கால் பாலத்துக்கு அடியில கறிக்கடைக் கழிவு மூட்டை மூட்டையா. கோழி ரெக்கை, குடல், தலை. பண்ணையில செத்த பிராய்லர் கோழிங்க சாக்கோட. பல்லடத்துல ஆரம்பிச்சு எங்க பக்கம் வரைக்கும் கோழிப்பண்ணை எத்தனைன்னு உங்களுக்கே தெரியும். செத்ததைக் குழி தோண்டிப் புதைக்கணும். ராத்திரி வண்டியில வந்து பாலத்துக்கு அடியில வீசறது சுலபம். ரெண்டு நாய் அங்கயே படுத்திருந்துச்சு. எங்களைப் பார்த்து எழுந்துகூட நிக்கலை. கருத்தடை பண்ணின நாய்க்குக் காதுல 'வி' மாதிரி வெட்டு அடையாளம் இருக்கும்னு தோழி சொன்னா. அங்க சுத்தின ஒண்ணுக்கும் அது இல்லை. ஆபரேஷன் பண்ணும் பொறுப்பு உள்ளாட்சி அமைப்போடதுன்னு 2023 விதிகள்ல இருக்கு. எங்க ஊராட்சியில 2025 ஜனவரியோட தலைவர் பதவிக்காலமே முடிஞ்சுபோச்சு.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ஆத்தாதான் முடிச்சை அவிழ்த்தாங்க. "புரட்டாசி கண்ணு! ஊர்ல ஒருத்தனும் கறி எடுக்கல. கறிக்கடையில கழிவு ஏது? பத்து மாசம் கறியாத் தின்னுப் பழகுன நாயி, திடீர்னு நின்னா எங்க போவும்? நம்ம விரதம், அதுக்குப் பட்டினி."

எந்த ஆராய்ச்சியாளரும் இதைச் சரிபார்க்கலை, ஆத்தாவோட தியரிதான். ஆனா பக்கத்துக் காட்டு மாமாவோட நாலு ஆடு போனது ஆவணியில ஆச்சேன்னு தம்பி மடக்கினான். "அது நாக்கு ருசிக்கு. இது பசிக்கு"ன்னாங்க ஆத்தா. அப்பீலே கிடையாது!

அப்பாவும் மாமாவும் இன்னும் பத்துப் பேரும் போய் கறிக்கடைக்காரங்களையும் பண்ணைக்காரரையும் பார்த்தாங்க. ஒருத்தர் மன்னிப்புக் கேட்டார், ஒருத்தர் "எங்க மூட்டைதான்னு என்ன அத்தாட்சி?"ன்னார். இப்ப மூட்டை விழறது குறைஞ்சிருக்கு. நிக்கலை. பாலத்துப் பக்கம் சனி ராத்திரி ரெண்டு பேர் மாத்தி மாத்தி உக்கார்றாங்க. நாய்ங்க எண்ணிக்கை அப்படியேதான் இருக்கு. மாமா மறுபடி எங்க வீட்ல காப்பி குடிக்கிறார். மருந்து பேச்சு எடுக்கறதில்லை. விட்டுட்டாரான்னு தெரியலை.

பணம்தான் பெரிய தலைவலி. "திருப்பூருக்கே போயிடலாமா?"ன்னு அப்பா ஒருநாள் கேட்டார். பழைய கம்பெனிக்குப் போன் போட்டார். 2025 ஆகஸ்ட் கடைசியில அமெரிக்கா ஐம்பது பர்சென்ட் வரி போட்டதுல ஆர்டர் எல்லாம் நின்னு, இருக்கிற ஆளுக்கே ஷிப்ட் குறைச்சுட்டாங்களாம். போனை வெச்சுட்டு, "வாஷிங்டன்ல ஒருத்தன் கையெழுத்துப் போட்டா என்ற கத்திரிக்கோலு நிக்குது. பாலத்துக்கடியில ஒருத்தன் மூட்டையப் போட்டா என்ற ஆடு சாவுது"ன்னு சிரிச்சார். சிரிப்பு மாதிரி இல்லை அது.

அம்மா தோடும் செயினும் பேங்க்குக்குப் போச்சு. தங்கம் விலை ஏறினதுக்கு 2025 அக்டோபர்ல சந்தோஷப்பட்ட ஒரே ஆள் எங்க அம்மாவாத்தான் இருக்கணும். "போன வருசத்தை விட எவ்வளவு அதிகமாக் குடுத்தாங்க தெரியுமா!"ன்னு பாஸ்புக்கைக் காட்டினாங்க. என் ஃபீஸ் அதுலதான் கட்டப்போறோம். "ஒரு செமஸ்டர் லீவு போட்டுட்டு கம்பெனி வேன்ல போறேன்"னு நான் சொன்னப்போ அம்மா என்னைப் பார்த்த பார்வையில, அந்த வேன் எங்க ஊருக்கே வராமப் போயிருக்கும்!

தாய் செத்துப்போன குட்டிங்க மூணு. எல்லாம் பிறந்து ரெண்டு வாரம்தான். அதுல ஒண்ணு தம்பி இழுத்த குட்டி, இன்னும் கொஞ்சம் நொண்டும். மூணும் எங்க சமையலறையிலதான் வளர்ந்துச்சு. மெடிக்கல் ஷாப்புல ஃபீடிங் பாட்டில் வாங்கினப்போ, "குழந்தைக்கு எத்தனை மாசம்?"னு கேட்டாங்க. "பதினாலு நாள், மூணு"ன்னேன். கடைக்காரர் பாட்டிலைக் கையில வெச்சுக்கிட்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாலைக் காய்ச்சி, ஆறவெச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு தடவை, விடியக்காலையில ஒரு தடவை. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை அடுப்படியில உக்காந்து மடியில ஒரு குட்டியோட எழுதினேன். ரெண்டு பக்கத்தை ஒண்ணு மென்னுடுச்சு. "ஆடு தின்னுடுச்சு மேடம்"னா எந்த காலேஜ்ல நம்புவாங்க? போட்டோ காட்டினேன், நம்பினாங்க.

குட்டிங்களுக்குப் பேர் வெச்சதும் தம்பிதான். அசல், வட்டி, ஜப்தி.

கார்த்திகையில ஆத்தா சுருக்குப் பையை அவுத்தாங்க. முதியோர் பென்ஷன், பால் சொசைட்டியில கொஞ்சம் கொஞ்சமா சேர்த்தது, எல்லாம் சேர்ந்து ஒரு கணிசமான தொகை இருந்துச்சு. இவ்வளவு இருக்குன்னு அப்பாவுக்கே தெரியாது. சந்தைக்கு அவங்களே போய், பல்லைப் பிடிச்சுப் பார்த்து, நாலு பெட்டை ஆடு வாங்கினாங்க. கூடவே ரெண்டு கறுப்பு வெள்ளாடு. "இது எதுக்கு ஆத்தா?"ன்னேன். "கத்தறதுக்கு"ன்னாங்க.

பட்டியைச் சுத்தி ஆறடி உசரத்துக்குக் கம்பி வலை அடிச்சாச்சு. ஒரு பக்கம் மட்டும் பாக்கி, பணம் பத்தலை. அந்தப் பக்கம் கிளுவைச் சந்துல முள்ளை வெட்டி அடைச்சிருக்கோம். அது முடியற வரைக்கும் ராத்திரிக் காவல். அப்பாவுக்கு மூணு நாள், அம்மாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, தம்பிக்கு ரெண்டு. (பஸ்ல நான் ஃப்ரீயா வர்றதுக்கு இதுல ஈடு கட்டறோம்னு நினைச்சுக்கோடான்னேன். ஒத்துக்கலை.) மணியோட சங்கிலியை எடுத்துட்டு, பட்டிக்கு உள்ளேயே படுக்க வெச்சிருக்கோம். வெள்ளாடு ரெண்டும் நாய் வந்தாத்தான் கத்தும்னு ஆத்தா கணக்குப் போட்டாங்க. அது மணி திரும்பிப் படுத்தாலே கத்துது.

இன்னிக்கு தம்பி முறை. நாளைக்கு அவனுக்கு அக்கவுன்டன்சி ரிவிஷன் டெஸ்ட். புக்கு, டார்ச், போர்வை, தடியோட கட்டிலைத் தூக்கிட்டுப் போயிருக்கான். ஜப்தி பின்னாலயே நொண்டிக்கிட்டுப் போகுது.